கம்பிக்காரியின் நாக்கு

ஜோசப்பினின் நாக்கை முதன்முதலாகப் பரிசோதித்தவர் டாக்டர் அல்ல. பெரிய கங்காணி ஆண்டியப்பன். இடம், ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களம். சாட்சிகள், தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும், அவர்களுடைய நாய்களும்.

"ஆ காட்டு பாப்பா."

காட்டினாள். காட்டாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். கங்காணி தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, விலைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாக்கின் இடது ஓரத்தில் கடுகளவு கறுப்பு இருந்ததாக அவர் பிறகு சொன்னார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை வலது ஓரம் என்றார். பின்வரிசையில் நின்று எதையுமே பார்க்காதவர்கள்தான் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் இருந்தார்கள். நாக்கு முழுக்கக் கறுப்பு என்றார்கள்.

அவள் எச்சில் தொட்டு எழுதுகிற ஊதாப் பென்சில் வைத்திருப்பவள், அந்தச் சாயமாக இருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். பென்சிலில் என்ன சுவாரசியம்?

"கருநாக்குதான்," என்று ஆண்டியப்பன் தீர்ப்புச் சொன்னார். "இது வாயிலருந்து கெட்டது வந்தா நடந்துதான் தீரும். ஆளுங்க பாத்து இருந்துக்குங்க."

களத்தின் ஓரத்தில் நின்ற ஒருத்தி தன் கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். அன்றைக்கு ஜோசப்பினுக்கு அது சிரிப்பாக இருந்தது.

நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்குப் பலகையில் ஒரு சீமைப் பெயர் உண்டு. ஆட்கள் அதைக் கம்பித் தோட்டம் என்றார்கள். மேல்கணக்கு, அதாவது மேல் டிவிஷன், ஆற்றுப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலைத்தோளில் கிடந்தது. தேயிலை அரைக்கிற ஸ்டோர் இந்தப் பக்கம், கீழே. இரண்டு இடத்திலும் ஆளுயர இரும்புச் சக்கரங்கள்; அவற்றைச் சுற்றி ஓடுகிற உருக்குக் கம்பி, கட்டைவிரல் தடிமன். மேல்கணக்கில் கிள்ளிய கொழுந்து சாக்குச் சாக்காக அந்தக் கம்பியில் தொங்கி, பள்ளத்தின் மேலே மிதந்து, ஸ்டோருக்கு வந்து சேரும். அரிசியும் உரமும் ஒரு மரப்பெட்டியில் ஏறி மேலே போகும். கம்பி ஓடும்வரை தோட்டத்தில் ஒரு ரீங்காரம் இருக்கும். அது நின்றால்தான் ஆட்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கணேசமூர்த்தி. நாற்பத்தெட்டில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள் எந்த நாட்டு ஆட்கள் என்ற கேள்வியும் வந்தது. சில வருஷம் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கணேசமூர்த்தி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். கம்பிக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

ஜோசப்பின், தோட்டத்துப் பள்ளிக்கூடத்து அமிர்தநாதன் மாஸ்டரின் மகள். ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அங்கே பெண்களுக்கு விஞ்ஞானம் என்பது சோற்றில் என்ன சத்து, கஞ்சியில் என்ன சத்து என்பதோடு முடிந்துவிடும். பௌதிகம் படித்தே தீருவேன் என்று அடம்பிடித்த இரண்டு மூன்று பேரைச் சனிக்கிழமைகளில் பையன்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்கு அழைத்துப் போனார்கள். பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. தொடாமலே படித்துத் தேறினாள். தேறி வந்தவளை என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. கல்யாணம் செய்துவைக்கலாம் என்றால், பௌதிகம் படித்த பெண் அடுப்பை எந்தப் பக்கம் ஊதுவாளோ என்று மாப்பிள்ளை வீட்டார் யோசித்தார்கள்.

துரைக்கு இந்த யோசனையெல்லாம் இல்லை. கம்பியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். ஸ்டோர் பொறுப்பிலிருந்த டீமேக்கர் றோலண்டுக்கு அதைப் படிக்க நேரமில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருந்தார். ஆகவே மாஸ்டர் மகளுக்கு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் கம்பி ஹெல்ப்பர். யாருக்கு ஹெல்ப்பர் என்று கேட்கக்கூடாது. அங்கே வேறு ஆள் கிடையாது.

வேலை இதுதான். கம்பி என்பது ஒற்றைக் கம்பி அல்ல. மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது. இழை ஒன்று அறுந்தால் அதன் நுனி முள்போல நிமிரும். கண்ணுக்குத் தெரியாது. விடிந்ததும் சுமையேற்றாமல் கம்பியை மெதுவாக ஓடவிட்டு, அதைச் சுற்றி ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் பிடித்தால் முள் துணியில் மாட்டி நூலை இழுக்கும். எங்கே, எத்தனை முள் என்று கைக்குத் தெரியும். கணேசமூர்த்தி இதைத் தன் தலைப்பாகையை அவிழ்த்துச் செய்தார். அவர் கம்பியைத் துடைக்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஜோசப்பின் தன் அம்மா இராசம்மாவின் நைந்த சேலையைக் கிழித்துச் செய்தாள். பொம்பளைச் சேலையை எதற்குக் கம்பியில் சுற்றுகிறாள் என்று ஊர் கேட்டது.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் முதல் தவறைச் செய்தாள். வாயைத் திறந்தாள்.

மேல்கணக்குச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிற கந்தப்பனிடம், "அண்ணே, இந்தச் சின்னச் சக்கரத்துக்குள்ள குண்டு தேஞ்சிருச்சு. ரொம்ப நாளைக்கு ஓடாது," என்றாள்.

"எண்ணெ விட்டாச்சே பாப்பா."

"எண்ணெக்கு அடங்காதுண்ணே."

அடங்கவில்லை. அந்த வாரமே சக்கரம் இறுகி, கொழுந்து மூட்டைகள் நடுப்பள்ளத்தில் மழையில் நனைந்துகொண்டு தொங்கின. "சொன்னிச்சு, நடந்திருச்சு," என்று கந்தப்பன் ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அந்த ஆச்சரியம் லயம் லயமாக இறங்கும்போது வேறு நிறமாகிவிட்டது. அடுத்து, பள்ளத்து ஓரத்துக் கம்பத்தின் அடிமண் அரிக்கிறது, சாயும் என்றாள். மழை பெய்தது, கம்பம் சாய்ந்தது. மறுநாள்தான் பெரட்டுக் களத்தில் நாக்குப் பரிசோதனை.

கணேசமூர்த்தி இதையெல்லாம் சொன்ன காலத்தில் அதற்கு அனுபவம் என்று பெயர்.

அதன்பிறகு அவள் வருகிற பாதையில் கர்ப்பிணிகள் இஸ்தோப்புத் திண்ணையைவிட்டு உள்ளே போனார்கள். அடுப்பில் பால் வைத்திருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வகையும் இருந்தது. சாயங்காலம் மெல்ல வந்து, "எங் கொழுந்தியா ரொம்ப ஆடுறா, அவளப் பத்தி ஒரு வார்த்த சொல்லேன் ஜோசப்பினு," என்று கேட்கிற வகை. மாதா கோயிலுக்குப் போனால் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கும். புனிதர்களின் சிலைகளுக்கு நடுவிலும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

இராசம்மாவின் அறிவுரை சுருக்கமானது. "வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு."

றோலண்டின் அறிவுரையும் அதுதான், கொஞ்சம் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. "இங்க பாரு பிள்ள. கையால பாரு, துணியால பாரு, எப்படி வேணும்னாலும் பாரு. ஆளுங்க முன்னால வாயால மட்டும் சொல்லாத."

"சொல்லாம எப்படி சேர் திருத்துறது?"

"எங்கிட்ட மெதுவா வந்து சொல்லு. நான் துரைகிட்ட சொல்லிக்கிறேன்."

சொன்னாள். அவரும் சொன்னார். டீமேக்கர் ஐயாவுக்கு என்ன மூளை என்று தோட்டம் வியந்தது. ஒரே கம்பி, ஒரே பழுது. அவர் வாய்வழி வந்தால் புத்திசாலித்தனம், இவள் வாய்வழி வந்தால் சாபம். ஆய்வுகூடத்தில் பார்க்கலாம், தொடக்கூடாது. இங்கே தொடலாம், பேசக்கூடாது. இதையும் ஒரு முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிவில்லாமல் சுற்றுகிற கம்பிக்கும் ஒரு முடிவு இருக்கிறது. அதன் இரண்டு நுனிகளையும் இழை இழையாகப் பிரித்து ஒன்றோடொன்று பின்னிச் சேர்த்திருப்பார்கள். அந்த இடத்தை ஆட்கள் சடை என்பார்கள். கொழுந்து கொட்டுகிற மாதம் ஒன்றில், விடியற்காலை ஓட்டத்தில், சடை வந்தபோது ஜோசப்பினின் கையிலிருந்த துணி பிடுங்கிக்கொண்டு போயிற்று. சக்கரத்தைச் சுற்றி வந்ததை எடுத்துப் பார்த்தாள். சேலைத் துண்டு நார் நாராகியிருந்தது.

றோலண்டிடம் ஓடினாள். "சடை விட்டுப்போகுது சேர். கம்பிய நிப்பாட்டணும்."

"இப்பவா? இந்தக் கொழுந்துல கம்பிய நிப்பாட்டுனா துரை என்னைய நிப்பாட்டிருவாரு."

"அறுந்தா?"

"உஸ்! மெதுவாப் பேசு. கேட்டுறப் போகுது."

"யாருக்கு சேர் கேட்டுறப் போகுது?"

அவருடைய கண் ஒரு கணம் மேலே, கம்பியின் பக்கம் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிற, இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற றோலண்டின் கண். இதுவரை ஜோசப்பின் பயப்பட்டதெல்லாம் கம்பிக்குத்தான்.

"மழ வெறிக்கட்டும். புதுக் கம்பிக்குச் சொல்றேன்," என்று அவர் ஸ்டோருக்குள் போய்விட்டார்.

மழை வெறிக்கவில்லை. சடை சக்கரத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ரீங்காரத்துக்கு நடுவில் ஒரு சின்ன ஓசை கேட்டது. டக். பல்லில் கல் கடிபடுவதுபோல. வீட்டில் சோறு தின்னும்போதும் அவளுக்கு அது கேட்டது. தோட்டத்தில் இத்தனை காது இருக்கிறதே, ஒன்றுக்குமா கேட்கவில்லை என்று நினைப்பாள். கேட்டிருக்கும். கேட்டவர்கள் அவளைத்தான் நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் காலை அவள் மேல்கணக்குக்கு ஏறும்போது ஆற்றின் மேல் மரப்பாலம் இருந்தது. சக்கரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஆற்றோடு போய்விட்டிருந்தது. மேல்கணக்கு தனியாக மலைமேல் நின்றது. ஜோசப்பின் துணியைப் பிடித்தாள். இந்த முறை சடை துணியைப் பிடுங்கவில்லை, இரண்டாக அறுத்தது.

அப்போதுதான் லயத்துப் பக்கமிருந்து கூட்டம் வந்தது. முன்னால் ஆண்டியப்பன். நடுவில் நாலு பேர் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தது மீனம்மாவை, தலைப்பிரசவம். பின்னால் அவளுடைய தாய் ராக்காயி, வாய்க்குப் பேர்போன கொழுந்துக்காரி. அன்றைக்கு அந்த வாயிலிருந்து "ஆத்தா, ஆத்தா" என்பதைத் தவிர வேறு வரவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆச்சு என்று மருத்துவச்சி காளியாயி கையை விரித்துவிட்டாள். பாலம் இல்லை.

"பெட்டியக் கொளுவு கந்தப்பா," என்றார் ஆண்டியப்பன். "மீனம்மாவ அதுல படுக்க வச்சு விடு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஸ்டோருல எறங்கிரும்."

கந்தப்பன் அரிசிப் பெட்டியைக் கம்பியில் கொளுவினார். பெட்டி பள்ளத்தின் விளிம்பில் லேசாக ஆடியது. பள்ளத்துக்குள் மூட்டம், அடி தெரியவில்லை, ஆற்றின் சத்தம் மட்டும் வந்தது.

"பெட்டி வேணாங்க," என்றாள் ஜோசப்பின். "முகட்டச் சுத்தி அடுத்த தோட்டத்து வழியாத் தூக்கிட்டுப் போயிருவோம்."

"அம்புட்டுத் தூரம் தாங்குமா இந்தப் பிள்ள? ஏன் வேணாங்கற?"

ஏன் என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால், பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பியில் ஏற்றும் நேரத்தில் கருநாக்குக்காரி கம்பி அறும் என்று சொன்னதாக ஆகும். அதன்பிறகு மீனம்மாவுக்கு எந்த வழியில் என்ன நடந்தாலும், அது இந்த நாக்கின் கணக்கில்தான் விழும். சொல்லாவிட்டால் பெட்டி போகும்.

"கம்பி..." என்று ஆரம்பித்தாள்.

ராக்காயி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். கொழுந்துச் சாயம் ஏறிய கை, கசந்தது. "சொல்லாத! ஒங் கால்ல வேணும்னாலும் விழுறேன் தாயி. எம் மக வயித்துல உசுரு கெடக்கு. வாயத் தொறக்காத!"

கம்பளிக்குள்ளிருந்து மீனம்மா முனகினாள். நாலு பேர் அவளைப் பெட்டியின் பக்கம் தூக்கினார்கள். கந்தப்பனின் கை பிரேக்கில் இருந்தது.

ஜோசப்பின் ராக்காயியின் கையை வாயிலிருந்து பிய்த்து எறிந்தாள். பெட்டிக்கும் கம்பளிக்கும் நடுவில் போய் நின்றாள். எல்லாரும் பார்க்க, பெரட்டுக் களத்தில் காட்டியதைவிட நீளமாக, நாக்கை வெளியே நீட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. கருநாக்குதான். இப்பச் சொல்றேன். மீனம்மாவ இதுல ஏத்துனா கம்பி அறும். ஏத்துனவன் குடும்பமும் அறும்."

இரண்டாவது வாக்கியத்துக்குப் பௌதிகத்தில் இடமில்லை. ஆனால் முதல் வாக்கியத்தை ஆண்டியப்பனின் காதில் ஏற்ற அதுதான் தேவைப்பட்டது.

தூக்கிய நாலு பேரும் சுட்டதுபோலப் பின்வாங்கினார்கள். நாலு பேருக்கும் குடும்பம் இருந்தது. ராக்காயி மண்ணை வாரித் தூற்றினாள். "நீ வெளங்குவியா? ஒன்னயப் பெத்த வயித்துல..." மீதியை மழை வாங்கிக்கொண்டது. கம்பளியைத் தூக்கிக்கொண்டு, முகட்டுப் பாதையில், வழுக்கலிலும் அட்டைக்கடியிலும் அவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

ஆண்டியப்பன் போகவில்லை. ஊர் முன்னால் ஒரு பெண்பிள்ளை சொல்லித் தான் பின்வாங்கியதாக ஆகிவிட்டது. அதைச் சரிக்கட்ட வேண்டும்.

"பெட்டியில கொழுந்தப் போடுடா கந்தப்பா. மீனம்மா கனத்துக்குப் போடு. இவ நாக்கா, கம்பியான்னு இன்னைக்குப் பாத்துருவோம்."

"கங்காணி ஐயா, இவ்வளவு தூரம் சொல்லுதே..."

"போடுங்கறேன்!"

கீழே மணியடித்துச் சொல்லிவிட்டு, கந்தப்பன் பிரேக்கை விட்டார். பெட்டி விளிம்பைத் தாண்டி மூட்டத்துக்குள் இறங்கியது. ரீங்காரம். டக். கம்பி இன்னும் கொஞ்சம் ஓடிற்று. ரீங்காரம். ஆண்டியப்பன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

டக் வரவேண்டிய இடத்தில் வேறொரு சத்தம் வந்தது. மரத்தைப் பிளந்ததுபோல. மேல்சக்கரம் பாரம் இழந்து வெறிபிடித்துச் சுற்றியது. அறுந்த கம்பி மழைக்குள் வானத்தில் ஒரு கோடு கிழித்து, கீழ்ச் சரிவில் தேயிலைச் செடிகளின் தலையை ஒரே சீவாகச் சீவிக்கொண்டு போய் விழுந்தது. நல்லவேளை, சரிவில் ஆள் இல்லை. பள்ளத்துக்குள் எங்கோ ஆழத்தில் பெட்டி நொறுங்கிற்று. அந்தச் சத்தம் வந்துசேரக் கொஞ்ச நேரமாயிற்று.

அங்கே நின்றவர்களில் ஒருவர்கூடப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ஜோசப்பினின் வாயில் இருந்தது.

மீனம்மா பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, அதுவும் பிழைத்தது. முகட்டுப் பாதையின் திருப்பத்தில் நின்று கம்பி அறுந்ததைக் கண்ணால் பார்த்தவள் ராக்காயி. ஜோசப்பின் ஒருவேளை ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்திருக்கலாம். ராக்காயி திரும்பி வந்து லயத்தில் சொன்னது இது: "மாரியாத்தா புண்ணியம். அவ விட்ட சாபத்துலருந்து எம் மக தப்பிச்சுட்டா."

துரை விசாரித்தார். மழை என்றார் றோலண்ட். நாக்கு என்றார்கள் ஆட்கள். அந்தப் பெண் கம்பியைத் தொட்டால் ஒருவரும் பெரட்டுக்கு வரமாட்டோம் என்றும் சொன்னார்கள். துரைக்குக் கம்பி ஹெல்ப்பர் ஒருத்தியா, தோட்டம் முழுவதுமா என்பது பெரிய கணக்கல்ல. கொழும்பிலிருந்து புதுக் கம்பி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளச் சிவசாமி என்கிற, யாரிடமும் எதுவும் சொல்லாத, துணி எதுவும் பிடிக்காத, நல்ல பையன் வந்தான். ஜோசப்பினைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். ஊசியும் நூலும். இழைகளோடு அவளுக்குப் பழக்கம் உண்டென்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை ஸ்டோரைத் தாண்டி, கம்பிக்கு அடியில் போகும். தினமும் அந்த இடத்தில் அவள் கால் தானாகவே மெதுவாகும். காது மேலே போகும். ஒருநாள் மூட்டை தொங்குகிற ஒரு கொளுவியின் கீச்சொலி பிடிக்காமல் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். சிவசாமி ஓடிப்போய்க் கம்பியை நிறுத்திவிட்டான்! கொளுவிகளை எல்லாம் கழற்றிப் பார்த்தார்கள், ஒன்று விண்டிருந்தது. மாற்றினார்கள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் ஜோசப்பின் கம்பிக்கு அடியில் போகும்வரை சிவசாமி சுமை ஏற்ற மாட்டான். கம்பியைப் பார்க்க மாட்டான். அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் நடந்துகொண்டே போனால் கம்பி ஓடும். நின்றாள் என்றால் கம்பியும் நிற்கும். அவளுக்குக் காய்ச்சல் என்று படுத்த நாட்களில் தோட்டமே பதறியது. இப்படியாகத் தோட்டம் ஒரு கம்பிப் பரிசோதகரை, அவளைத் தவிர எல்லாருக்கும் வசதியான முறையில், வேலைக்கு வைத்திருந்தது. பத்து வருஷம் ஓர் அசம்பாவிதமும் இல்லை. டீமேக்கர் றோலண்டின் கவனத்தைப் பாராட்டித் துரை கிளப்பில் பேசினாராம்.

ஆனால் காது கை ஆகாது. தொட்டால் தெரிகிற முள் எல்லாம் கேட்டால் தெரியாது. சத்தம் வருகிற நேரத்தில் பாதி இழை போயிருக்கும். இதை அவள் சிவசாமியிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அவள் எப்போது பேச்சை நிறுத்துவாள் என்று நடுங்கிக்கொண்டு நின்றான். பிறகு விட்டுவிட்டாள். அவளைக் கட்டிக்கொள்ள எவனும் வரவில்லை. குழந்தைகள் அவள் வகுப்பில் மிக அமைதியாக இருந்தார்கள். இவ்வளவு அமைதியான வகுப்பை அமிர்தநாதன் மாஸ்டர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. அவள் வகுப்பைப் பார்த்தபோதெல்லாம் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

இந்த நாட்டுப் பிரஜையாக மாஸ்டர் போட்ட விண்ணப்பம் எப்போதோ தள்ளுபடியாகியிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக் கேட்டிருந்தார்; அறுபத்து நான்கில் அது கிடைத்தது. மூன்று பேரும் புறப்பட வேண்டும்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் புதுக் கம்பியில், இப்போது அது பழைய கம்பி, ரீங்காரத்துக்கு நடுவில் அந்த ஓசை வந்தது. டக். மிக மெல்லியது. ஜோசப்பின் நின்றாள். சிவசாமி நிறுத்தினான். கொளுவிகளைக் கழற்றினார்கள், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சடையை யாரும் தொடவில்லை. மறுநாளும் நின்றாள். அவர்கள் இன்னொரு பழம் நசுக்கினார்கள்.

கடைசி நாள் காலையில், இராசம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். ராக்காயியும் இன்னும் சில பெண்களும் அங்கே காத்திருந்தார்கள். ராக்காயிக்கு வயதாகியிருந்தது. பேத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"போறப்ப எங்கள ஒண்ணும் சொல்லிட்டுப் போயிராத தாயி. தெரியாத சனங்க நாங்க."

"சொல்லத்தான் வந்தேன் ராக்காயி அக்கா," என்றாள் ஜோசப்பின். பெண்கள் ஓரடி பின்னால் போனார்கள். அவள் துண்டைச் சிவசாமியின் கையில் வைத்தாள். "இந்தா. காலையில சுமையில்லாம ஓடவிட்டு, இத கம்பியச் சுத்திப் பிடி. இப்படி, மெதுவா. நூல் எங்க இழுக்குதோ அங்க முள்ளு. சடையில இழுக்குது, நீயே பிடிச்சுப் பாரு. கம்பிய நிப்பாட்டிச் சடையப் புதுசாப் பின்னச் சொல்லு. வேற ஒண்ணும் இல்ல, துணிதான். வெளங்குதா?"

சிவசாமி துணியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "வெளங்குதுங்கம்மா," என்றான்.

மத்தியானம் லொறி புறப்பட்டது. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள் ஜோசப்பின். லொறி கம்பிக்கு அடியில் வந்தபோது அண்ணாந்தாள். ஸ்டோர்ப் பக்கத்துக் கம்பத்தில் அவளுடைய சேலைத் துண்டு கட்டியிருந்தது. மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, அடியில் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். அதற்கு ஒரு சாண் மேலே, கொழுந்து மூட்டைகளைச் சுமந்துகொண்டு, துணியில் படாமல் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டைக்குப் பின்னால் அரிசிப் பெட்டி வந்தது. அதற்குள், ஆறு பெருகியிருந்ததாலோ சும்மா ஆசைக்கோ, மேல்கணக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

டக்.

ஜோசப்பின் எழுந்து நின்று கத்தினாள். லொறியின் எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. ஸ்டோர் வாசலில் நின்றவர்களுக்கு அவளுடைய வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. சிவசாமி முதலில் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு ராக்காயி. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும்.

லொறி வளைவில் திரும்பும்வரை அவர்கள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.